முதுகுக்குப் பின்னால் நியூயார்க்

நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரிலிருக்கும் தன் வீட்டுக்கு முதன்முதலாக வரும் எந்த விருந்தாளியையும் திருமூர்த்தி சும்மா நியூயார்க்கைப் பார்க்க விட்டதில்லை. அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். ப்ரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி, நியூயார்க் பென் ஸ்டேஷனில் இறங்கியதும் விருந்தாளி தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். படியேறி வெளியே வந்ததும் திருமூர்த்தி நாலடி முன்னால் ஓடி, திரும்பி நின்று, போனை நீட்டி, "இப்பப் பாரு!" என்பார். விருந்தாளி நிமிர்ந்து வாயைப் பிளப்பார். அந்த வீடியோ, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் சனிக்கிழமை பாட்லக் விருந்தில் புளியோதரைக்கும் பாஸ்தாவுக்கும் நடுவே பெரிய டிவியில் ஓடும்.

இதில் போட்டியும் உண்டு. பத்மநாபனின் மாமியார் டைம்ஸ் ஸ்கொயரில் கண்கலங்கிய வீடியோவுக்குத்தான் அந்த வட்டாரத்தில் இன்றுவரை முதலிடம். "கண்ணில் தூசி" என்று அந்த அம்மாள் சொன்ன இடத்தைப் பத்மநாபன் வெட்டிவிட்டார் என்பது திருமூர்த்தியின் உறுதியான கருத்து.

பொள்ளாச்சியிலிருந்து கம்பெனி ட்ரெயினிங்குக்கு வந்த திருமூர்த்தியின் மச்சினன் கதிர், முந்தின நாள் சாயங்காலம்தான் அக்கா வீட்டில் வந்து இறங்கியிருந்தான். விமானத்தில் தூக்கமில்லை. வந்து படுத்த பிறகும் உடம்பு பொள்ளாச்சி நேரத்திலேயே விழித்துக் கிடந்தது. விடிந்ததும் அடுக்களையில் தயிர்சாதம் கட்டிக்கொண்டிருந்த அக்கா வள்ளி அவன் கையைப் பிடித்தாள்.

"கதிரு, மாமாவுக்கு வேலை போயிருச்சுடா."

"எப்பக்கா?"

"மெதுவாப் பேசு. வேற எதுவும் அமையல, விசாவும் முடியுது. பொங்கலுக்கு முன்னாடி ஊருக்கே வந்துர்றோம். அவரா வாயைத் தொறந்து யாருகிட்டயும் சொல்லல. நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. நீதான் அவரு கூட்டிட்டுப் போற கடைசி ஆளு. ஒரே ஒருக்கா நல்லா வாயைப் பொளந்துருடா, சாமி."

"அக்கா, நான் தூங்கவே இல்ல."

"வாயைத் தொறக்கத் தூக்கம் எதுக்குடா?"

சீரியல் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே அக்கா மகள் வெண்பா சொன்னாள்: "ஜஸ்ட் ஃபேக் இட், மாமா. எவ்ரிபடி டஸ்."

கிளம்பும்போது திருமூர்த்தி ஓர் ஊதா ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். விருந்தாளிகளுக்கென்றே வைத்திருப்பது. அத்தனை வீடியோவிலும் ஜாக்கெட் அதேதான், தலை மட்டும் மாறும். கதிருக்குக் கை நீளம் போதவில்லை. பையில் யாரோ விட்டுப்போன விக்ஸ் மிட்டாய் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பென் ஸ்டேஷனில் தலையைக் குனிந்து நடந்த கதிர், ஏராளமான ஷூக்களையும் யாரோ தின்றுபோட்ட பாதி பேகல் ரொட்டியையும் பார்த்தான். நியூயார்க்கைப் பற்றிய அவனுடைய முதல் அபிப்பிராயம், தரை கொஞ்சம் ஈரமாக இருக்கிறது என்பது. படியேறினார்கள். திருமூர்த்தி முன்னால் ஓடினார்.

"இப்பப் பாரு, மாப்ள!"

கதிர் நிமிர்ந்தான். கட்டடங்கள் இருந்தன. பெரிதாகவே இருந்தன. மனதார வாயைத் திறந்தான். வந்தது கொட்டாவி. அதுவும் கண்ணில் நீர் கட்டும் அளவுக்கு முழுமையான கொட்டாவி.

திருமூர்த்தி வீடியோவைப் போட்டுப் பார்த்தார். "பரவால்ல. ஜெட்லாக். அடுத்த இடத்துல எடுத்துக்கலாம்."

அடுத்த இடம் படகு. சுதந்திர தேவி சிலைக்கு முன்னால் கதிர் "ஆ" என்றான். "பல் டாக்டர்கிட்டக் காட்ற மாதிரி இருக்குது மாப்ள" என்றார் திருமூர்த்தி. அதற்கடுத்து, வானத்தைத் தொடும் மாடி. லிஃப்ட் கதவு திறந்ததும் நாலு பக்கமும் மேகம். நகரமே இல்லை. கண்ணாடியில் ஊதா ஜாக்கெட் மட்டும் தெரிந்தது. அங்கேயும் கதிர் கடமை தவறாமல் வாயைப் பிளந்தான். "எதைப் பாத்து மாப்ள?" என்று கேட்டார் திருமூர்த்தி. அதில் கோபமில்லை, அதுதான் கதிருக்குச் சங்கடமாக இருந்தது.

ஒரு பூங்காவில் தயிர்சாதம் சாப்பிட்டார்கள். பிறகு நடந்தார்கள். இந்த ஊரில் எல்லாவற்றையும் நடந்துதான் பார்க்க வேண்டுமாம். கார் நியூ ஜெர்சிக்காம். கதிருக்குக் குதிகால் தனியாகக் கழன்று வருவது போலிருந்தது.

டைம்ஸ் ஸ்கொயருக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. "இதான் கடைசி" என்றார் திருமூர்த்தி. சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே கேட்டதுபோல ஒரு நொடி நின்றார். பிறகு பழக்கப்படி முன்னால் ஓடி, திரும்பி, போனை உயர்த்தினார்.

கதிர் நிமிர்ந்தான். சுவரெல்லாம் விளம்பரம் எரிந்தது. அவன் கண்ணில் பட்டது அதுவல்ல. அத்தனை வெளிச்சத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, போனுக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை இடுக்கி, கதிரின் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர். காலையிலிருந்து மனிதர் இப்படியேதான் நிற்கிறார். சிலைக்கும் முதுகு, ஊருக்கும் முதுகு.

"மாமா, நீங்க மொத தடவ வந்தப்ப யாரு எடுத்தாங்க?"

"யாரு இருந்தா எடுக்கறதுக்கு? ரெண்டு பெட்டியோட வந்தேன். பெட்டியைப் பாத்துட்டே பஸ் மாறிப் போயிட்டேன். அப்பறம் யாராச்சும் வர்றப்ப கூட்டிட்டு வர்றதுதான். நீ வாயைத் தொற."

கதிர் ஜாக்கெட்டைக் கழற்றினான். "போடுங்க மாமா."

"எனக்கு எதுக்கு? குளிரல."

"ரூல்னா ரூல். போனைக் குடுங்க. தலையைக் குனிங்க."

"கிறுக்கா மாப்ள உனக்கு?"

"உங்க சட்டம்தானுங்க மாமா."

முனகிக்கொண்டே போட்டுக்கொண்டார். அவருக்கு அது கச்சிதமாக இருந்தது. வாங்கும்போது தன் அளவுக்குத்தான் வாங்கியிருப்பார். தலையைக் குனிந்தார். கதிர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, முன்னால் ஓடிப்போய் நின்றான்.

"இப்பப் பாருங்க!"

திருமூர்த்தி நிமிர்ந்தார். வாய் திறக்கவில்லை. கண்ணும் கலங்கவில்லை, பத்மநாபனுக்குப் போட்டியாக எதுவும் நடக்கவில்லை. சிவப்பும் நீலமும் முகத்தில் மாறி மாறி விழ, மேலிருந்து கீழாக மெதுவாகப் பார்த்துக்கொண்டே நின்றார். யாரோ இடித்துவிட்டு 'சாரி' சொன்னதுகூடத் தெரியவில்லை.

"அந்தக் கடியாரம் எப்பவுமே அங்கதான் இருக்குதா?" என்றார் கடைசியில்.

"எனக்கென்னங்க தெரியும்? நான் இன்னிக்குத்தானே வந்திருக்கேன்."

"அதுஞ்சரி."

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே கேட்டார்: "உங்கக்கா சொல்லிட்டாளா?"

"என்னத்தைங்க மாமா?"

திருமூர்த்தி தலையாட்டினார். அங்கே ஆட்கள் உட்காரும் சிவப்புப் படிக்கட்டு ஒன்று இருந்தது. அதில் போய் உட்கார்ந்து, ஜாக்கெட் பையில் கைவிட்டு, அந்த விக்ஸ் மிட்டாயைப் பிய்த்தெடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ட்ரெயினுக்கு நேரமாகலீங்களா?" என்றான் கதிர், பக்கத்தில் சரிந்தபடி.

"அடுத்ததுல போலாம். நான் இன்னும் பாக்கல. நீ வேணா தூங்கு, மாப்ள."

நியூயார்க்கைப் பார்க்க வந்தவன் தூங்கிப்போனான்.