ஆசிட் ஜாடிக்கு ஒரு செம்பருத்தி

ஆரணிப் பட்டு நெசவாளர் சங்கத்தின் சாயப்பட்டறையில், காலை வேளையில் கண்ணகி ஆசிட் ஜாடிக்குச் செம்பருத்தி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பூ வைத்ததில் முந்தானை ஜாடிக்குள் விழுந்து நுனி பொசுங்கிவிட்டது. சங்கத் தலைவர் இராஜமாணிக்கம் பார்த்துவிட்டுச் செயலாளரைக் கூப்பிட்டார்.

"நூல் உலர்த்த வந்த பொண்ணு கையப் பொசுக்கிக்கினா யாருப்பா பதில் சொல்றது? திங்கக்கெழமலேர்ந்து வர வாணாம்னு சொல்லிடு."

செயலாளர் ஜெயச்சந்திரனுக்கு ஆத்திரமாக வந்தது. ஜாடிக்கு மேலே அவர் எழுதிய பலகை தொங்கியது. 'இக்கலத்துள்ள திரவம் ஊறு விளைவிக்கும் தன்மைத்து. தீண்டற்க. அபாயம்.' தடுக்கும் கை ஒன்றையும் கீழே வரைந்திருந்தார். அந்தத் தமிழுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்தவர் அவர்.

"போர்டப் படிக்கலயா நீ?"

"படிச்சேன் சார்." கண்ணகி வளர்ந்த பெண்தான், ஆனால் எதையும் மெதுவாகத்தான் கற்பாள். எழுத்துக் கூட்டும்போது நடுவில் ஒரு கால் நழுவிவிடும். "அ... ப... ய... ம். சாமி கை வேற போட்டுகிது. அதான் பூ வெச்சேன்."

பாத்திரம் கழுவும் எல்லப்பனுக்கும் படிப்பு ஏறாது. தேர்தல் முடிந்தும் சுவர்களில் கைப்படம் அழியாத எண்பதாம் ஆண்டு அது. "நான் ஓட்டு கேக்குறாங்கன்னு நெனச்சேன் சார்" என்றான்.

ஜெயச்சந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வேலை போனால் கண்ணகியை அவள் அண்ணன் வீட்டை விட்டு வெளியே விடமாட்டான். இருவரையும் அருகில் உட்காரவைத்தார்.

"நீங்களே சொல்லுங்க. இன்னா போட்டா புரியும்?"

"கை எரியும்னு போடுங்க. எரிஞ்சா அழுவாங்க இல்ல, அந்த மூஞ்சியும் போடுங்க" என்ற கண்ணகி, தானே வரைந்து சுற்றிலும் பூ போட்டாள்.

"பூ போட்டா கல்யாண வூடு மாதிரிகிது, அழி" என்றான் எல்லப்பன். மனசில்லாமல் அழித்தாள்.

"ஒங்க மூஞ்சியே போடறேன் சார், எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

செயலாளர் தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுது காட்டினார். "இன்னும் நல்லா அழுவுங்க சார்" என்று எல்லப்பன் அதட்டினான்.

சனிக்கிழமை தலைவர் வந்தார். புதுப் பலகையில் மீசையோடு வாய் பிளந்து அழும் செயலாளர். அடியில் 'தொட்டா கை எரியும்'. ஜாடிப் பக்கம் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"பழைய போர்டு எனக்கும் வெளங்கலப்பா. தலைவராச்சே, எப்பிடிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன்" என்றவர் கண்ணகியிடம் திரும்பினார். "திங்கக்கெழம ஜல்தியா வந்துடும்மா. கொதிக்கிற சாயத்தொட்டிக்கும் ஒண்ணு போடணும்."

"அதுக்கு நீங்க அழுவணும் தலைவரே" என்றாள் கண்ணகி.

ஜெயச்சந்திரன் பழைய பலகையைக் கழற்றினார். "யாருக்குப் புரியணுமோ அவங்களக் கூட வெச்சிகினுதான் எழுதணும் தலைவரே. தனியா ஒக்காந்து எழுதுனா, நம்ம பெருமையத்தான் எழுதறோம்."