பாடாலூரில் எந்தப் பக்கம்

ஜோதிக்கு அந்தக் கட்டடம் நான்கு வருடப் பழக்கம். மின்வாரியத்தில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் அந்தத் தெருவுக்கு ரீடிங் எடுக்க வருவாள். கீழ்த்தளத்தில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து எட்டு மீட்டர்கள். முதல் மாடியில் குடியிருந்த உரக்கடைக்காரர் செல்லதுரைதான் கட்டடத்துச் சங்கத்தின் செயலாளர். வெயில் நாட்களில், "மேடம், மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று மாடியிலிருந்தே குரல் கொடுப்பார்.

இரண்டாம் மாடிப் பின்பக்க வீடு விலைக்கு வருவதைச் சொன்னதும் அவர்தான்.

"பாக்யலட்சுமியம்மா மகளோட சென்னைக்குப் போறாங்க மேடம். ஒரே பெட்ரூம், சின்ன வூடுதான். நல்ல குடும்பமா இருந்தா சொல்லுங்க. நம்ம கட்டடத்துல பாய் இருக்காரு, கிறிஸ்டியன் டீச்சர் இருக்காங்க, பேக்கரி மலையாளி இருக்காரு. எல்லாரும் கலந்து ஒத்துமையா இருக்கோம்."

"எங்களுக்கே வேணும் சார்" என்றாள் ஜோதி.

ஏழு வருடத்தில் மூன்று வாடகை வீடு மாறியாகிவிட்டது. கடைசி வீட்டுக்காரம்மா, ஜோதியின் தம்பி கல்யாணப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தாள். மறுவாரமே, "எங்க சொந்தக்காரங்க வராங்க, வூட்ட காலி பண்ணிக் குடுத்துடும்மா" என்றாள். அந்த வீட்டுக்கு இன்றுவரை எந்தச் சொந்தக்காரரும் வரவில்லை. அந்தத் தெருவுக்கும் ரீடிங் எடுப்பவள் ஜோதிதான். ஒவ்வொரு முறையும் அது பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் விக்கியை அழைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போனாள். அவன் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் காற்று வந்தது. பாக்யலட்சுமி நல்ல மாதிரியாகப் பேசினாள். வங்கிக் கடன் கிடைக்கும் என்று ஜோதி சொன்னதும் அந்த அம்மாவுக்கு நிம்மதி.

படியிறங்கும்போது செல்லதுரை கதவருகே நின்றிருந்தார்.

"தம்பிக்குச் சொந்த ஊரு?"

"பாடாலூருங்க."

"பாடாலூர்ல எந்தப் பக்கம்?"

விக்கி ஒரு நொடி தயங்கினான். "மெயின் ரோட்டுப் பக்கங்க. பெட்ரோல் பங்க்கு கிட்ட."

அவர்கள் வீடு இருந்தது காலனியில். பெட்ரோல் பங்க்கிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். ஜோதி அதைத் திருத்தவில்லை.

முத்திரைத்தாளில் அக்ரிமெண்ட் போட்டார்கள். அட்வான்ஸ் கொடுத்தார்கள். வங்கியிலிருந்து ஆள் வந்து வீட்டை அளந்துவிட்டுப் போனான். பதினொன்றாம் நாள் பாக்யலட்சுமி போன் செய்தாள்.

"அட்வான்ஸ திருப்பி வாங்கிக்கம்மா. இது சரிப்பட்டு வராது."

"ஏன்? என்னாச்சு?"

"செல்லதுரை பாடாலூர்ல விசாரிச்சாராம். நீங்க பொய் சொல்லிட்டீங்களாமே. பொய் சொல்றவங்களுக்கு எப்படிம்மா வூட்டக் குடுக்கிறது?"

ஜோதி அப்போது ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே ரீடிங்கைத் தப்பாகக் குறித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போன பிறகு திரும்பி வந்து சரி செய்தாள்.

சாயங்காலம் விக்கி வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"யாரு உங்களப் பொய் சொல்லச் சொன்னது?"

"உண்மையச் சொல்லியிருந்தா மட்டும் குடுத்திருப்பானா?"

"குடுத்திருக்க மாட்டான். ஆனா அவன் வாயால சொல்லியிருப்பான், உங்களுக்குக் கிடையாதுன்னு. இப்ப நாமதான் பொய்யங்க, அவன் யோக்கியன்! எவ்ளோ வசதியாப் போச்சு பாருங்க அவனுக்கு."

"சரி, தப்புதான். வேற வூடு பாப்போம் விடு."

"அங்கயும் கேப்பானே, அப்ப எந்தப் பங்க்கச் சொல்லுவீங்க?"

விக்கி தலையைக் குனிந்துகொண்டான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் அவளுடைய கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

அடுத்த ஞாயிறு காலையில் சங்கக் கூட்டம். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாக்யலட்சுமியும் இருந்தாள். ஜோதி அக்ரிமெண்ட்டோடு உள்ளே போனாள். விக்கி பின்னாலேயே வந்தான். யாரும் நாற்காலி போடச் சொல்லவில்லை.

"ஏம்மா, இது வீட்டுக்காரங்க மீட்டிங்கு" என்றார் செல்லதுரை. நான்கு வருடமாகச் சொன்ன 'மேடம்' எங்கேயோ போய்விட்டது.

"நானும் அதுக்குத்தான் வந்தேன் சார். பாடாலூர்ல எந்தப் பக்கம்னு கேட்டீங்கல்ல? காலனி. மாரியம்மன் கோயில் தாண்டி மூணாவது சந்து. எங்க மாமனாரு அங்கதான் இருக்காரு. இப்ப பொய் இல்ல. இப்ப வூடு குடுக்கலாமா?"

டீச்சர் தன் செல்போனைப் பார்த்தாள்.

"நாங்க ஜாதியெல்லாம் பாக்கிறதில்லம்மா" என்றார் செல்லதுரை. "பொய் சொன்னதுதான்…"

"பாக்காதவரு எதுக்கு எங்க ஊருக்குப் போயி விசாரிச்சீங்க? பேக்கரிக்காரர் வந்தப்ப கேரளாவுக்குப் போயி விசாரிச்சீங்களா? எல்லாரும் கலந்து இருக்கோம்னு சொன்னீங்களே சார். அந்த எல்லாருல நாங்க கிடையாதா?"

"குரல உசத்தாத. பொம்பளைன்னு பாக்கிறேன்."

"பாக்காதீங்க!"

அவள் குரல் அந்தச் சின்ன இடத்தில் முட்டித் திரும்பியது. விக்கி அவள் கையைப் பிடித்தான். உதறினாள்.

"அவ சொல்றது நிசந்தானே, துரை?" பாய் மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு இல்ல பாய். மத்தவங்களுக்கு இருக்கும்ல?"

ஜோதி பாயின் முகத்தையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு அவள் பாக்யலட்சுமி பக்கம் திரும்பினாள். "அட்வான்ஸ நான் வாங்க மாட்டேன். அக்ரிமெண்ட்ல உங்க கையெழுத்து இருக்கு. நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். எஸ்.பி. ஆபீஸ்ல புகாரும் குடுப்பேன், இவரு பேரச் சொல்லி. கேஸ் முடியற வரைக்கும் இந்த வூட்ட நீங்க யாருக்கும் விக்க முடியாது."

"என்னம்மா இப்படிப் பேசுற? உன்னப் போயி நல்ல பொண்ணுன்னு நெனச்சேனே."

"நல்ல பொண்ணாத்தான் நாலு வருஷம் வந்துட்டுப் போனேன்."

நோட்டீஸ் உண்மையாகவே போனது. எட்டாம் நாள் பாக்யலட்சுமியின் மகள் சிவரஞ்சனி சென்னையிலிருந்து பேசினாள். கேஸ், கோர்ட்டு என்று அம்மாவை அலைய விட முடியாது என்றாள். பத்திரம் பதிய நாள் குறித்தார்கள். நியாயம் என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. ஜோதியும் எதிர்பார்க்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் பாக்யலட்சுமி கைரேகை வைத்துவிட்டு மையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "என்மேல கோவமாம்மா?"

இல்லை என்ற பதிலுக்காக அவள் காத்திருந்தது தெரிந்தது.

"ஆமாங்க" என்றாள் ஜோதி.

குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. பால் காய்ச்சிய அன்று பாய் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் பேரீச்சம்பழம் வந்தது. மற்ற யாரும் வரவில்லை. செல்லதுரை படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார். அவள் ஒதுங்குவதில்லை.

நேற்று விக்கிக்குக் காலை ஷிஃப்ட். ஐந்து மணி அரியலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். டிபன் பையைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்ற ஜோதி, அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்குவதைப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

"எல்லாரும் தூங்குறாங்க. எதுக்குச் சத்தம்னு…"

"கால்ல போடுங்க."

"ஜோதி, மெதுவாப் பேசு."

"கால்ல போடுங்கன்னு சொல்றேன்ல!"

முதல் மாடியில் ஒரு விளக்கு எரிந்தது. விக்கி அவளை ஏறிட்டுப் பார்த்தான். செருப்பைக் கீழே போட்டு, காலை நுழைத்துக்கொண்டு, மீதிப் படிகளில் டப் டப்பென்று இறங்கிப் போனான்.