பன்னிரண்டு பேர் இல்லாத கணக்கு

மருதம்மாளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. புக்கிட் செலம்பாவிலிருந்து உள்ளே தள்ளி, ஜெராய் மலை தெரிகிற சின்ன ரப்பர் தோட்டம் ஒன்றில் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள். ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பர் வாங்க ஆளில்லை. மரங்களில் பாதியைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு, ரயில் பாதை போட மூன்று மாத வேலை என்று சொல்லிப் பன்னிரண்டு ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அவள் புருஷன் முருகையாவும் அதில் ஒருவன். மூன்று மாதம் எட்டு மாதமாகியும் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு கடுதாசிகூட வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிரேமாவதி தோட்டத்துக்கு வந்தாள். பீடோங்கில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். பத்தொன்பது வயது. சிப்பாய்கள் திரிகிற டவுனில் வயசுப்பெண்ணை வைத்திருக்கப் பயந்து, தாய்மாமன் தர்மலிங்கத்தின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தர்மலிங்கம்தான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார். சண்டைக்கு முன்னால் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள் பிரேமாவதி. துணி மூட்டைக்குள் ஒரே ஒரு புத்தகத்தை ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். அது அல்ஜீப்ரா.

மரவள்ளிக் காட்டில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வரிசை. மதியம் களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு உட்காரும்போது, பசியை மறக்க ஏதாவது பேச வேண்டியிருந்தது. சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் பசி கூடியது. போனவர்களைப் பற்றிப் பேசினால் அழுகை வந்தது. ஒரு நாள் பிரேமாவதி புத்தகத்திலிருந்து ஒரு கணக்கைச் சொன்னாள்.

“ஒரு கூடையில கொஞ்சம் பழம் இருக்குக்கா. அதைப்போல ரெண்டு மடங்கு எடுத்து, இன்னும் ஏழு சேத்தா இருபத்தஞ்சு. கூடையில எத்தனை பழம்?”

“யாரு கூடை?”

“யாரு கூடையா இருந்தா என்னலா? எத்தனைன்னு சொல்லுங்க.”

மருதம்மாள் விரல்விட்டு எண்ணினாள். பத்து என்றாள், எட்டு என்றாள், பிறகு ஒன்பது என்றாள். பிரேமாவதி சிரித்துக்கொண்டே குச்சியால் மண்ணில் எழுதினாள். “இப்படித் தேடித் தேடி அலைய வேணாம். தெரியாததுக்கு மொதல்ல ஒரு பேரு வச்சிடணும். எக்ஸுன்னு வைப்போம். ரெண்டு எக்ஸோட ஏழு சேத்தா இருபத்தஞ்சு. ரெண்டு பக்கமும் ஏழை எடுத்துடலாம். ரெண்டு எக்ஸ், பதினெட்டு. பாதியாக்கினா ஒம்போது. அவ்வளவுதான்.”

மருதம்மாள் அந்த மண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தவள்தான். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலவே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூட்டி, கழித்து, கடைசியில் அதையே வாய் திறக்க வைக்கலாம் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

“இந்த இங்கிலீஷ் எழுத்து வேணாம் பிரேமா, எவனாவது பாத்தா வம்பு. நம்ம எழுத்துல அக்கன்னா இருக்குல்ல, மூணு புள்ளி? அது பாட்டுக்குத் தனியாக் கெடக்கு. அதை வச்சுக்குவோம்.”

அன்று முதல் அவர்களுடைய கணக்குகளில் தெரியாததெல்லாம் ஃ ஆனது. இரண்டு குழாய்கள் நிரப்புகிற தொட்டி, மூன்று பேர் வெட்டுகிற வாய்க்கால், ஆட்டையும் கோழியையும் கலந்து ஓட்டிப் போகிற விவசாயி. காலையில் பனி இறங்கி ஜெராயின் அடிவாரத்தை மறைத்துவிட்டால், மலை மட்டும் ஆகாயத்தில் மிதக்கும். மருதம்மாள் களை கொத்திக்கொண்டே அந்த விவசாயியின் பின்னால் நடந்து போய்க்கொண்டிருப்பாள். அவன் ஊரில் சண்டை இல்லை. அங்கே எல்லோருடைய கூடையிலும் ஏதோ கொஞ்சம் இருந்தது. எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை.

தோட்டத்தில் அப்போது அரிசிதான் பெரிய சூசா, பெரிய தொல்லை. மாதத்துக்கு ஒருமுறை லாரியில் மூட்டைகள் வரும். ஆணுக்குக் குழந்தையைப்போல இரண்டு மடங்கு, பெண்ணுக்கு ஒன்றரை மடங்கு என்று டவுன் ஆபீஸ் உத்தரவு. ஐந்து மூட்டை வந்த நாளில் கிராணியார் பால்டின்னால் அளந்து ஆணுக்கு இருபத்து நான்கு, பெண்ணுக்குப் பதினெட்டு, குழந்தைக்குப் பன்னிரண்டு என்று கொடுத்தார். மூட்டை நான்காகக் குறைந்த பிறகும் அவர் கை அதே அளவில்தான் அளந்தது. வரிசை வீடுகளில் மேல் லயத்திலிருந்து பேர் கூப்பிட்டுக்கொண்டே வருவார். கீழ் லயத்துக்கு வரும்போது சாக்கு காலி. கடைசி ஏழெட்டு வீட்டுக்கு ஒன்றும் இருக்காது.

கீழ் லயத்தின் கடைசி வீடு பிச்சையம்மாளுடையது. புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைகள். இரண்டு மாதம் தொடர்ந்து வெறும் சாக்கை உதறிப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது மாதம் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை, அழவில்லை. சின்னவனைத் தரையில் நிறுத்தி, வீங்கியிருந்த அவன் காலை விரலால் அழுத்திக் காட்டினாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

கிராணியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நான் என்னம்மா செய்ய? வர்றது நாலு மூட்டை. கொறைச்சுக் குடுத்தா மேல் லயத்துக்காரன் அடிக்க வர்றான். எவ்வளவு கொறைக்கிறதுன்னும் தெரியல.”

வரிசையில் நின்ற மருதம்மாளுக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் தனியாகக் கேட்டது. எவ்வளவு என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றால் அதற்கு ஒரு பெயர் வைக்கலாமே.

“ஐயா, ஒரு மூட்டைக்கு எத்தனை டின் பிடிக்கும்?”

“முந்நூத்தி எழுவத்தஞ்சு. ஏன்?”

“ஆஸ்பத்திரிக்கு?”

“அறுவது எடுத்து வைக்கணும். அதான் ஏன் கேக்கறே?”

மருதம்மாள் பிரேமாவதியைப் பார்த்தாள். பிரேமாவதி ஓடிப்போய் மாமாவின் பேர்ப்பட்டியலை எடுத்து வந்தாள். ஆண்கள் முப்பது, பெண்கள் முப்பத்திரண்டு, குழந்தைகள் முப்பத்தாறு. மருதம்மாள் அடுப்புக்கரியால் ஸ்டோர் சுவரில் எழுதத் தொடங்கினாள். ஒன்றரையை எப்படி எழுதுவது என்று பிரேமாவதி யோசிக்கும்போதே, “குழந்தைக்கு ரெண்டு ஃ-ன்னு வை. அப்ப பொம்பளைக்கு மூணு, ஆம்பளைக்கு நாலு. பின்னமே வராது” என்றாள். குழந்தைகளுக்கு எழுபத்திரண்டு ஃ, பெண்களுக்குத் தொண்ணூற்றாறு, ஆண்களுக்கு நூற்றிருபது. மொத்தம் இருநூற்று எண்பத்தெட்டு ஃ. அதோடு ஆஸ்பத்திரிக்கு அறுபது. அது நான்கு மூட்டைக்குச் சமம், ஆயிரத்து ஐந்நூறு. இரு பக்கமும் அறுபதை எடுத்தாள். ஆயிரத்து நானூற்று நாற்பது. வகுத்தாள். ஃ ஐந்து.

“குழந்தைக்குப் பத்து, பொம்பளைக்குப் பதினஞ்சு, ஆம்பளைக்கு இருவது. கடைசி வீடு வரைக்கும் வரும் ஐயா.”

“வராட்டி?”

“வராட்டி என் பங்கை எடுத்துக் குடுத்துடுங்க.”

கிராணியார் நம்பாமல்தான் அளந்தார். மேல் லயத்தார் முணுமுணுத்தார்கள். பிச்சையம்மாளின் சாக்கில் நாற்பத்தைந்தாவது டின் விழுந்தபோது கடைசி மூட்டையில் ஒரு பிடி அரிசிகூட மிச்சமில்லை. குறையவும் இல்லை. கிராணியார் டின்னைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

ஆனால் பத்து டின்னில் ஒரு பிள்ளை எத்தனை நாள் சாப்பிடும்? சின்னவனின் கால் வீக்கம் வற்றவில்லை.

அடுத்த வாரம் மருதம்மாளுக்கு மலேரியா கண்டது. மதிய நேரங்களில் குளிர் வந்து உலுக்கிவிட்டுப் போகும். பிறகு காய்ச்சல் ஏறும். காய்ச்சலில் லயத்துச் சுவர் மெல்லக் கரைந்து, புத்தகத்து மனிதர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஒரு தகப்பன், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். மகளைப்போல நான்கு மடங்கு வயது அவனுக்கு. இருபது வருஷம் போனால் இரண்டு மடங்கு. “எங்களுக்கு என்ன வயசுன்னு பாத்துச் சொல்றியா தாயி?” என்று கேட்டான். அவள் சொன்னாள், நாற்பது, பத்து. இருவரும் சந்தோஷமாக எழுந்து போனார்கள். அவர்களுக்குப் பின்னால் முருகையா நின்றுகொண்டிருந்தான். கையில் பால்டின். அவள் அரிசி அள்ளிப் போட்டாள். அது டின்னில் நிற்காமல் அவன் உள்ளங்கை வழியாகத் தரையில் கொட்டியது. மறுபடி அள்ளினாள். மறுபடி கொட்டியது. அவன் கோபப்படவில்லை. டின்னை அவளிடமே நீட்டிவிட்டு வெயிலில் நடந்து போனான்.

விழித்தபோது புடவை நனைந்திருந்தது. எழுந்து, கட்டிலுக்கடியிலிருந்த மண்ணெண்ணெய் டின்களில் ஒன்றை இழுத்துத் திறந்தாள். முருகையாவின் பங்கில் ஒரு அரிசிகூடத் தொடாமல் மாதாமாதம் அவற்றில் கொட்டி வைத்திருந்தாள், வந்தால் சாப்பிட. மேலாக முழுக்க வண்டு ஊர்ந்தது.

அவளுக்குக் கணக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முப்பது ஆண்களில் சயாமுக்குப் போன பன்னிரண்டு பேரும் சேர்த்தி, ஆளுக்கு நாலு ஃ. நாற்பத்தெட்டு. அதை எடுத்துவிட்டால் இருநூற்று நாற்பது. ஃ ஐந்தல்ல, ஆறு. குழந்தைக்குப் பன்னிரண்டு.

இரண்டு நாள் அதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பிரேமாவதியிடம் சொன்னாள். கேட்டுவிட்டுப் பிரேமாவதி, “உங்களுக்கு எவ்வளவு கொறையும்னு பாத்தீங்களாக்கா?” என்றாள்.

“பாத்தேன். முப்பத்தஞ்சு வர்ற எடத்துல பதினெட்டு.”

கிராணியார் பயந்தார். “பேரை அடிச்சா ஜப்பான்காரன் மூட்டையையும் கொறைச்சிடுவான்மா.”

“ஆபீஸ் லிஸ்டுல அப்படியே இருக்கட்டும் ஐயா. நம்ம சுவத்துல மட்டும் எடுத்துடுவோம்.”

போனவர்களின் வீட்டுப் பெண்களை ஸ்டோர் வாசலுக்குக் கூப்பிட்டாள். வள்ளியம்மைதான் முதலில் எழுந்தாள். முனியாண்டியின் மனைவி, இரண்டு பிள்ளைக்காரி.

“எங்க வீட்டு ஆளு பேரை எடுக்க நீ யாருடி? அந்தப் பேருக்கு அரிசி வர்ற வரைக்கும்தான் அவரு இருக்காருன்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன். எடுத்துட்டா? செத்துட்டாருன்னு எழுதற மாதிரிதானே?”

மருதம்மாள் வீட்டுக்குப் போய் அந்த டின்னைத் தூக்கி வந்து எல்லோருக்கும் நடுவில் வைத்துத் திறந்தாள்.

“நானும் அப்படித்தான்க்கா நெனச்சேன். இதை அவரு சாப்பிடல. வண்டுதான் சாப்பிடுது. அங்க அவருக்கு யாரோ பொங்கிப் போடணும், இல்ல பட்டினி கெடக்கணும். இங்க நான் அளந்து வைக்கிறது அவரு வயித்துக்குப் போகாது.”

கரியை எடுத்து முருகையா என்று சுவரின் மறு ஓரத்தில் எழுதினாள். மேலே ‘வர வேண்டியவர்கள்’ என்று எழுதினாள். “அடிக்கலக்கா. இந்தப் பக்கம் கொண்டாந்து வைக்கிறேன். வந்த அன்னிக்கு மறுபடி அந்தப் பக்கம் எழுதிக் கணக்கை மாத்திப் போடுவேன்.”

பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுப் பெயரைச் சொன்னார்கள். வள்ளியம்மை சொல்லவில்லை. பதினோரு பெயர் எழுதியாயிற்று. வெயில் சாய்கிற வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு, “முனியாண்டி. மூணு சுழி ‘ண’ போடு” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் மருதம்மாளிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மாதத்திலிருந்து குழந்தைக்குப் பன்னிரண்டு டின். வண்டு அரிசியைப் புடைத்து, தவிட்டோடு பிச்சையம்மாளுக்குக் கொடுத்தாள் மருதம்மாள். தவிட்டுக் கஞ்சி குடித்துக் குடித்துச் சின்னவன் கால் மெதுவாக வற்றியது. மழைக்காலம் முடிவதற்குள் அவன் லயத்து வாசலில் ஓடினான்.

சண்டை முடிந்த பிறகு சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் ஆட்கள் வந்து இறங்குவதாகச் செய்தி வந்தது. பிரேமாவதி அந்தப் புத்தகத்தை மருதம்மாளிடமே விட்டுவிட்டு, பெற்றோரோடு பீடோங்குக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் வந்தார்கள். மூன்றாவதாக வந்தவன் முருகையா. மருதம்மாள் அவனைத் தோளைக் கொண்டு அடையாளம் கண்டாள். முகம் வேறு யாருடையதோ போலிருந்தது. இரண்டு நாள் தூங்கினான். எழுந்ததும், அவள் எல்லாவற்றுக்கும் முன்னால் பெயரை எடுத்ததைச் சொன்னாள்.

“என் பங்கு யாருக்குப் போச்சு?” என்றான்.

“எல்லாருக்கும்.”

“சரி,” என்றான். “அங்க செத்தவன் பேரைச் சொல்லி நாங்களும் கஞ்சி வாங்கிக் குடிச்சோம். என் பங்கும் ஒருத்தனுக்காவது போய்ச் சேந்துச்சே.”

அன்று மதியம் வள்ளியம்மை வந்தாள். வாசலிலேயே நின்றாள். முருகையா எழுந்து உட்கார்ந்தான்.

“ரெண்டாவது கேம்ப் வரைக்கும் ஒண்ணாத்தான் இருந்தோம் தங்கச்சி. அப்புறம் அவனை மேல அனுப்பிட்டானுங்க. கடைசியாப் பாத்தப்ப ஒரு மூங்கில் பாலத்துல நடந்து போய்க்கிட்டிருந்தான். திரும்பிக் கையைக் காட்டினான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

“நடந்துதானே போனாரு?”

“நல்லா நடந்துதான் போனான்.”

“சரிண்ணே” என்றாள் வள்ளியம்மை. மருதம்மாள் கொடுத்த தண்ணீரை வாங்கி நின்றபடியே குடித்தாள்.

தோட்டம் மறுபடி மரம் வெட்டத் திறந்தபோது, காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து, மருதம்மாளுக்கும் வள்ளியம்மைக்கும் அடுத்தடுத்த மர நிரை கொடுத்தார்கள். விடியலில் பனி முழங்கால் அளவுக்குத் தரையில் கிடந்தது. மரங்கள் ஏதோ ஏரிக்குள் நிற்பது போலிருந்தது. வெகுகாலம் வெட்டாத பட்டையில் கத்தி படும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பால் மெல்லிய கோடாக இறங்கி மங்குக் கிண்ணத்தில் சொட்டத் தொடங்கியபோது, அடுத்த நிரையிலிருந்து வள்ளியம்மையின் குரல் வந்தது.

“மருதா, மேக்கால இருட்டுது பாரு. மழை வந்தா மங்கெல்லாம் தண்ணியாயிடும். சீக்கிரம் எடுத்துடலாமா?”

“எடுத்துடலாம்க்கா,” என்றாள் மருதம்மாள். வாளியை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் நடந்தாள்.