ஃபகர்லினின் மணி

1

இந்தக் கதையை ஒரு சத்தத்திலிருந்து திருடினேன். போன மார்ச்சில், எங்கள் ஊர்ப் பனிச்சறுக்குப் போட்டியில், கையில் வாஃபிளோடு நின்றபோது காதில் விழுந்த மாட்டு மணி அது. அதைக் கேட்டு ஒருத்தி செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

முதல் வரி இப்படி இருந்தது: “வெள்ளைப் பட்டு விரித்தாற்போல் பனி…”

வேண்டாம். எங்கள் பள்ளத்தாக்கில் பனியைப் பற்றி யாரும் அப்படிப் பேசுவதில்லை. வழுக்குமா வழுக்காதா, அவ்வளவுதான் பேச்சு.

2

பொர்கில்ட் மாடு வைத்துப் பிழைப்பவள். பனிச்சறுக்கில் பக்கத்துப் பண்ணைக்காரி ஓட்லாவை ஒரு தடவையாவது முந்திவிட வேண்டும், அதுதான் அவளுடைய ஆசை. வருஷா வருஷம் தோற்று, ஓட்லாவின் கிண்டலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த முறை காட்டு வளைவில் திரும்பிப் பார்த்தால் ஓட்லாவ் கண்ணுக்கே தெரியவில்லை!

வழியெல்லாம் சனம் உற்சாகப்படுத்தக் கடையில் வாங்கிய மாட்டு மணிகளைக் குலுக்கியது. “ஹையா! ஹையா!” பொர்கில்ட் எதற்கும் அசரவில்லை. திடீரென்று மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு கரகரத்த மணி. ஃபகர்லினின் மணி.

(கொல்லன் தட்டிச் செய்த மணி ஒன்றைப்போல் இன்னொன்று ஒலிக்காது. மூடுபனியில் மாடு தேடியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.)

ஃபகர்லின் அவளுடைய நிறைசினை மாடு. தொழுவத்தில் கிடக்க வேண்டியது பனிக்குள் எப்படி? பொர்கில்ட் தடத்தை விட்டுக் காட்டுக்குள் பாய்ந்துவிட்டாள்.

3

[இங்கே பேனாவைக் கீழே வைத்தேன். குளிர்காலத்தில் மாட்டுக்கு மணி கட்டுவதில்லை, அது ஆணியில்தானே தொங்கும்? அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியக் கொஞ்சம் நேரமாகும்.]

மரத்துக்குப் பின்னால் மாடு இல்லை. புருஷன் ஸ்வெர்ரே நின்றான். பஸ் ஓட்டுகிறவன், மாட்டு விவகாரம் தெரியாதவன். வாயெல்லாம் பல்.

“எப்படி புள்ள! கடை மணி வேணாம்னு நம்ம மணியவே எடுத்துட்டு வந்துட்டேன்!”

“அடப்பாவி மனுஷா! மாடு அவுத்துக்கிட்டு வந்துருச்சுன்னு நெனச்சேன்!”

“உனக்காகத்தானே…”

“வீட்டுக்கு வா. இத உன் கழுத்துல கட்டுறேன்!”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் தடத்தில் ஓட்லாவ் பறந்துபோனாள்.

“என்னடி பொர்கில்ட், மேயப் போயிட்டியா?”

4

முடிவு ஒன்று: பொர்கில்ட் ஜெயிக்கிறாள். கிழித்துவிட்டேன், ஓட்லாவ் என்னோடு பேசமாட்டாள்.

முடிவு இரண்டு: தோற்றாலும் மனம் நிறைந்து… இதையும் கிழித்தேன். இதைப் படித்தால் பொர்கில்ட் என்னை அடிப்பாள்.

முடிவு மூன்று: கடைசி மேட்டின் ஓரத்தில் ஸ்வெர்ரே நிற்கிறான். குறுக்கு வழியில் ஓடி வந்திருக்கிறான். பயத்தில், சத்தம் வராமலிருக்க மணிக்குள் கையுறையைத் திணித்து வைத்திருக்கிறான். கீழே, தடத்துக்குத் திரும்பிய பொர்கில்ட் ஓட்லாவை எட்டிப் பிடித்துவிட்டாள், இருவரும் தோளோடு தோள். அவனைப் பார்த்துக் கத்துகிறாள்:

“என்னய்யா மரமாட்டம் நிக்கிற?”

மணி அடித்தால் அவள் கால் மறுபடியும் மணி இருக்கும் பக்கம் பாய்ந்துவிடும். பாவம், அவன் என்ன செய்வான்?

மணி இருக்கும் பக்கம். (எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.)

இந்தாருங்கள், கையுறையை உருவிவிட்டேன், மணியைப் பிடியுங்கள். கொஞ்சம் கனம்தான். பந்தயம் முடியும் எல்லைக்கோடு தெரிகிறதா? அதற்கு அந்தப் பக்கம் போய் நின்று மணியை அடியுங்கள். ஓட்லாவ் உங்களுக்கு வேண்டியவள் என்றால் சும்மா நில்லுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஆனால் ஓடுங்கள், மேடேறிவிட்டார்கள்!