சாம்சனுக்கு அங்கே ஒரு மனைவி

1

இந்தக் கதை ஒரு பழைய விளம்பரத்திலிருந்து வந்தது. விர்ஜீனியாவில் நான் வசிக்கும் ஊரின் ஆவணக் காப்பகத்தில், மைக்ரோஃபிலிம் திரைக்கு முன்னால் ஒரு பெண் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து போனதும் திரையில் இருந்ததைப் படித்தேன். எர்னஸ்டின் என்ற பெயரை அவளுக்கு வைத்தது நான்தான். இனி வருவதெல்லாம் என் ஊகம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஓடையின் இரு கரையிலும் புகையிலை இலைகள்மேல் பனி மெல்ல’

வேண்டாம். பனியை நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்தவன்.

மறுபடியும். எர்னஸ்டினின் தங்கை ஒடெஸ்ஸா இன்னும் சில வாரங்களே இருப்பாள். சொந்தக்காரர்கள் நடுவில் புதைக்கச் சொல்கிறாள். இவர்களுடைய முன்னோர் ஃபென்விக் தோட்டத்து அடிமைகள். அந்தப் புதைகுழிகளின்மேல் இன்று கோல்ஃப் மைதானம். ஓடைக்கு அக்கரையில், மார்லோ தோட்டத்து அடிமைகளின் இடுகாடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த அடிமைகளின் வம்சத்தாருக்கு மட்டுமே அங்கே இடம் என்பது அவர்களுடைய சங்கத்தின் விதி. தலைவர் லூஷியஸ் பெட்டவே, எண்பது வயது; குழி வெட்ட அளவு கேட்டுக் குறிப்பதும் அவர்தான்.

சர்ச் வாசலில், மீன் வறுவல் தட்டோடு நின்றவரிடம் எர்னஸ்டின் கேட்டாள்.

“அந்தக் கரைக்காரங்களுக்கு அங்கயே எடமில்லையா, மிஸ் எர்னஸ்டின்?”

“இருக்கு, பிரதர் பெட்டவே. ஆனா என் தங்கச்சிக்குப் பந்து பொறுக்கத் தெரியாது.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, ரத்த உறவுக்குக் காகிதம் கொண்டு வரச் சொன்னார்.

3

காகிதத்தைத்தான் அவள் பன்னிரண்டு வருடமாகத் தேடுகிறாள். வம்சத்தின் முதல் பெயர் ஜூனோ, ஃபென்விக்கின் அடிமை. ஜூனோவின் கணவன் யார்? பிள்ளை தாயின் எஜமானுக்கே சொந்தம் என்பது அன்றைய சட்டம்; அதனால் எஜமானர்களின் பட்டியல்களில் தகப்பன் பெயர் இருக்காது. எர்னஸ்டின் ஃபென்விக்கின் ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்து ஒதுக்கினாள். அக்கரை ஆண்கள் சனிக்கிழமை அந்தியில் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடையைக் கடந்து மனைவியிடம் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தண்ணீரில் நடந்தவர்களின் தடம் காகிதத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

இருந்தது. 1768, ஒரு செய்தித்தாள் விளம்பரம். எஜமான் மார்லோ எழுதுகிறார்: ‘என் ஆள் சாம்சன் ஓடிவிட்டான். வயது முப்பது. ஃபென்விக் தோட்டத்தின் பக்கம் பதுங்கியிருக்கக்கூடும். அங்கே அவனுக்கு ஒரு மனைவி உண்டு.’

(ஒரு கல்யாணத்தை உலகத்தில் ஒருவன்தான் எழுதி வைத்திருக்கிறான். அவன் மாப்பிள்ளையைப் பிடிக்க ஆள் தேடியவன்.)

4

மறுவருட ஃபென்விக் பட்டியலில் இரண்டு வரிகள்: ‘ஜூனோவும் குழந்தையும். ஹெஸ்டரும் குழந்தையும்.’

விளம்பரத்தில் மனைவிக்குப் பெயரில்லை.

‘அவள் பெயர் ஜூனோ’ என்று நான் ஒருமுறை எழுதினேன். ஒரு நாள் முழுக்க அது தாளில் இருந்தது. கதைதானே, யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் தங்கள் வசதிக்கேற்ப இவர்களை எழுதியவர்கள் ஏற்கனவே போதுமான அளவு இருந்துவிட்டார்கள். அடித்தேன்.

5

லூஷியஸ் தன் வீட்டு மேசையில் விளம்பரம், பட்டியல் இரண்டின் நகல்களையும் அருகருகே வைத்துப் படித்தார். சாம்சன் பெயர்மேல் விரல் நின்றது. வெளியே யாரோ புல்வெட்டும் சத்தம் வந்து நின்றது.

“ஜூனோன்னு இதுல எங்க இருக்கு?”

“இல்ல.”

“அப்ப ஹெஸ்டரா இருந்தா?”

“இருக்கலாம்.”

“சும்மா ஜூனோன்னு சொல்லியிருக்கலாமே. இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு நான் என்ன கண்டுபிடிக்கப் போறேன்?”

“சொல்லியிருக்கலாம். அப்புறம் அங்க படுத்திருக்கவங்க முகத்துல ஒடெஸ்ஸா எப்படி முழிப்பா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஒடெஸ்ஸாவுக்கு அங்கே இடம் கேட்கும் விண்ணப்பம் இருவருக்கும் நடுவில் கிடந்தது. மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் கையெழுத்திட்டார். அது ரொம்ப வெளிச்சமாக இருந்தது. இன்னொன்றில் விதி விதிதான் என்றார். அதில் எனக்கே குளிரடித்தது. மூன்றாவது பாதியில்

மிஞ்சியது ஒரு வரிதான். அதை அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன். எடுத்துவிட்டால், லூஷியஸ் காகிதங்களை மடித்துத் திருப்பித் தருகிறார். விட்டுவைத்தால், எர்னஸ்டின் பதில் சொல்ல வாய் திறக்கிறாள். உங்கள் இஷ்டம்.

[“உங்க தங்கச்சி என்ன உயரம் இருப்பாங்க, மிஸ் எர்னஸ்டின்?”]