எத்தல் மிஸ்ஸின் முழங்கை

எத்தல் மிஸ் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். விழுந்தால் தாங்குவதற்குத் தோதாக, இரண்டு கைகளையும் விரித்தபடி அன்னப்பூரணி பின்னால் நின்றாள். புளியந்தீவுத் தேவாலய மண்டபத்தில் வயது போனவர்களுக்கு விழாமல் நடக்கப் பழக்கும் வகுப்பு அது.

"இப்ப கதிரைய விடுங்க மிஸ்," என்றான் பழக்க வந்த நிலோஜன்.

மிஸ் கையை எடுத்ததுதான் தாமதம், அன்னப்பூரணி அவருடைய முழங்கையை எட்டிப் பிடித்துவிட்டாள்.

"அம்மா, கைய எடுங்க. நீங்க புடிச்சா அவங்க எப்பிடிப் பழகுற?"

"விழுந்திருவாங்க மனே."

"விழ மாட்டாங்க. விடுங்க."

விட்டாள். மிஸ் ஆடினார், அசைந்தார், நின்றுவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். அன்னப்பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகுதான் மிஸ்ஸுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கட்டிலிலிருந்து எழும்ப, முற்றத்தில் இறங்க, பூசைக்குப் போக, எல்லாவற்றுக்கும் அன்னப்பூரணியின் கைதான். அந்த முழங்கையைப் பிடித்துத்தான் அவள் வீட்டு அடுப்பும் எரிந்தது. இப்போது நேற்று வந்த பொடியன் கையை எடு என்கிறான். மிஸ்ஸும் வாய்க்கு வாய் "நிலோஜன் சொன்னவர்" என்கிறார். வீட்டில் தொட்டால், "விடு பூரணி, நான் தனிய எழும்பணும்!"

தன்னைவிட மூன்று வயது மூத்த மனுசி. அவருடைய கால் நாளுக்கு நாள் திடமாகிறது, தன் முழங்காலோ படியைக் கண்டாலே குத்துகிறது. இந்தக் காலைப் பற்றி ஒரு நாயாவது கேட்டதா?

அன்று வகுப்பு முடிந்தபோது மண்டபப் படிகள் மழையில் நனைந்திருந்தன. மிஸ்ஸின் குடையையும் பையையும் சுமந்துகொண்டு முன்னால் இறங்கிய அன்னப்பூரணிக்குக் கால் வழுக்கியது.

"ஐயோ!"

பின்னாலிருந்து ஒரு கை அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. பாதத்தை அகட்டி, முழங்காலைச் சற்றே மடக்கி, நிலோஜன் சொல்லிக்கொடுத்தபடியே மிஸ் அசையாமல் நின்றார்.

"பாத்தீங்களா நிலோஜன்! நான் விழல்ல. அவவையும் புடிச்சிட்டன்!"

வீட்டுக்கு வந்ததும் அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகன் ட்றெவருக்கு ஃபோன் எடுத்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அன்னப்பூரணிக்கு எல்லாம் கேட்டது. பிறகு மிஸ் அவளைக் கூப்பிட்டார்.

"இந்த மாசத்தோட போதும் பூரணி. கோவிக்காத, என்ன? நீயும் காலக் கவனமாப் பாத்துக்க."

அடுத்த மாதம் காத்தான்குடியில் ஒரு வீட்டுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனாள். மாடி வீடு. படிகளுக்குக் கைபிடி இல்லை. மேலே வாசலில் அந்த வீட்டு மகள் ஸாலிஹா நின்றிருந்தாள்.

"எங்கட உம்மா ரெண்டு தரம் விழுந்திட்டாங்க. புடிச்சி நடத்த ஆள் வேணும். உங்களுக்குக் கை கால் நல்லா இரிக்கா?"

"ஓம் புள்ள. ஒரு கொறையுமில்ல."

"அப்ப மேல வாங்க."

அன்னப்பூரணி சுவரைப் பிடித்தபடி முதல் படியில் ஏறினாள். பாதத்தை அகட்டினாள், முழங்காலைச் சற்றே மடக்கினாள். சேலைக்குள் கால் நடுங்கியது. ஸாலிஹா பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னப்பூரணி சுவரிலிருந்து கையை எடுத்தாள்.