பச்சை டிரேயில் வந்த பாடம்

எங்கள் அலுவலகத்தில் ஒரே ஆங்கிலப் பாடநூலை இரண்டு விதமாகத் தயாரிக்கிறோம். பிரிட்டிஷ் முறைப் பள்ளிகளுக்குப் போவது பச்சை டிரேயில் வரும். ‘டிராவல்ட்’ என்ற வினைச்சொல்லுக்கு இரண்டு எல், ‘ஆர்கனைஸ்’ என்றால் எஸ். அமெரிக்க முறைக்குப் போவது சிவப்பு டிரேயில் வரும். அதே சொற்களுக்கு அங்கே ஒரே எல், எஸ் இருந்த இடத்தில் இசட். நிறத்தைப் பார், திருத்து, கேள்வி கேட்காதே. மேலாளர் போட்ட சட்டம் இது.

அந்த மகானுபாவர்தான் போன மாதம் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு வந்து, ஒரு தாள்கட்டைப் பச்சை டிரேயில் போட்டுவிட்டுப் போனார். என் கண்ணால் பார்த்தேன். அது அமெரிக்க முறைக்கான வினைச்சொல் பாடம் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்து மேசையில் இருந்த என் நாத்தனார், பாவம், ஓர் எழுத்து விடாமல் பிரிட்டிஷ் முறைக்கு மாற்றிவிட்டாள். அச்சாகிப் போனதும் வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள்.

அவளுக்கு வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று முடிவாக வேண்டிய நேரம். என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டதால், நானும் அவளும் உழைத்துத்தான் வீடு ஓடுகிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கூத்து உண்டு. தவறு செய்தவர் காலைக் கூட்டத்தில் எழுந்து ஒப்புக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். நேர்மையைப் பாராட்டுகிறோமாம்! இதைக் கண்டுபிடித்தவரும் அதே மனிதர்தான். அவர் ஒரு தடவையாவது எழுந்ததுண்டா? கிடையாது.

“யாரு பண்ண தப்பு இது?” என்று அன்றைய கூட்டத்தில் வாய் கூசாமல் கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன். “சார், டிரேல வச்சதே...”

நாத்தனார் என் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு எழுந்தாள்.

“நான்தான் சார். டிரேயப் பாத்தேன், பாடத்தப் பாக்கல. மன்னிச்சிடுங்க.”

மேலாளருக்கு முகமெல்லாம் பல். “இப்படிப்பட்ட ஆளுங்கதாம்மா எனக்கு வேணும்! உன் வேல நிரந்தரம், போ!”

அறை முழுக்கக் கைதட்டல். அவரும் தட்டினார், வெட்கங்கெட்ட மனிதர். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் உட்கார்ந்தாள். அவர் பக்கம் திருப்பிய முகத்தில் சிரிப்பு இருந்தது. உதடு அசையாமல் என்னிடம் முணுமுணுத்தாள்.

“நீங்களும் தட்டுங்க அண்ணி. அவரு உங்களத்தான் பாக்குறாரு.”

தட்டினேன்.